டீசலா, பெட்ரோலா? சேற்றில் பதினைந்து வருடம் ஓடப்போகும் வண்டிக்கு

திருத்துறைப்பூண்டி பக்கம் என் அண்ணன் மகனுக்கு நிலம் இருக்கிறது. தார் ரோட்டை விட்டு இறங்கி வாய்க்கால் கரையிலேயே மூன்று கிலோமீட்டர் உள்ளே போகவேண்டும். கோடையில் பைக் போதும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கரை களிமண் குழம்பாகிவிடும், டிராக்டரைத் தவிர வேறெதுவும் போகாது. நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு வண்டி வாங்கி, அதைப் பதினைந்து வருடமாவது வைத்துக்கொள்ளவேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"சித்தப்பா, டீசல் எடுக்கவா, பெட்ரோல் எடுக்கவா?"

"ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்டா ஓட்டுவ?" என்று கேட்டேன்.

இன்ஜினைப் பற்றிக் கேட்டால் தூரத்தைப் பற்றி ஏன் கேட்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. அன்று அவனுக்கு உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். வண்டி ஓட்டத் தெரியும், பானெட்டைத் திறந்தால் எது என்னவென்று தெரியாது என்பவர்களுக்கும் புரியும்படி எழுத முயல்கிறேன்.

இழுவை என்பது என்ன

டயர் மாற்றும்போது நட்டு இறுகிப் போயிருந்தால் என்ன செய்வோம்? ஸ்பானர் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி அழுத்துவோம். நம் கை பலம் அதேதான், ஆனால் பிடி நீளமானதும் நட்டு திரும்பிவிடும். இப்படித் திருப்புகிற விசைக்குத்தான் முறுக்குவிசை என்று பெயர். பட்டறையில் இதை டார்க் என்பார்கள், ஓட்டுகிறவர்கள் புல்லிங் என்பார்கள். அளவு நியூட்டன் மீட்டர். 1 மீட்டர் நீளக் கம்பியின் முனையில் ஏறக்குறைய 100 கிராம் எடையைத் தொங்கவிட்டால் வருகிற முறுக்கு 1 நியூட்டன் மீட்டர். விளம்பரத்தில் 300 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தால், அந்தக் கம்பியின் முனையில் சுமார் 30 கிலோ தொங்குகிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குதிரைத்திறன் வேறு. இந்த முறுக்கை நிமிடத்துக்கு எத்தனை சுற்று கொடுக்கமுடிகிறது என்பதையும் சேர்த்துப் பெருக்கினால் வருவது அது. பைபாஸில் லாரியை முந்துவதற்குக் குதிரைத்திறன் வேண்டும். சேற்றில் பதிந்த சக்கரத்தை மெதுவாக ஒரு சுற்று சுற்றவைக்க முறுக்கு வேண்டும், அதுவும் இன்ஜின் குறைந்த வேகத்தில் சுற்றும்போதே அது கிடைக்கவேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊரில் ஷோரூமுக்குப் போகவேண்டியதில்லை. சம்பாவுக்குச் சேறடிக்கும் டிராக்டரைப் பத்து நிமிடம் கவனித்தால் போதும். கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் ஆழத்தில் இறங்கியதும் சத்தம் கனத்து, சுற்று குறையும். நின்றுவிடும் என்று நினைக்கும்போதே அந்தக் கனத்த சத்தத்தோடு இழுத்துக்கொண்டு மேலே வந்துவிடும். டிரைவர் கியரைக்கூடத் தொட்டிருக்கமாட்டார். சுற்று குறையக் குறைய முறுக்கு கூடும்படி அந்த இன்ஜினை அமைத்திருக்கிறார்கள். சேற்று வண்டிக்கு நாம் தேடுகிற குணம் இதுதான்.

விளம்பரத்து எண்களை எப்படிப் படிப்பது

இப்போது சில நிஜ எண்கள். 2020 அக்டோபரில் வந்த மஹிந்திராவின் 'தார்' ஜீப்பில் இரண்டு இன்ஜின்கள் கொடுத்தார்கள். ஒன்று 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல், 130 குதிரைத்திறன், 300 நியூட்டன் மீட்டர். மற்றது 2 லிட்டர் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) வைத்த பெட்ரோல், 150 குதிரைத்திறன், மேனுவல் கியரில் அதே 300 நியூட்டன் மீட்டர். டீசலில் அந்த முழு முறுக்கு 1600 சுற்றில் வருகிறது. பெட்ரோலில் 1250 சுற்றிலேயே வந்துவிடுகிறது. டீசலுக்குத்தான் குறைந்த சுற்றில் வரும் அடி இழுவை என்று காலம்காலமாகச் சொல்லி வந்தவர்கள் இதை இரண்டு முறை படிக்கவேண்டும். பெட்ரோல் இன்ஜினுக்கும் டர்போ வந்த பிறகு அந்தப் பழைய எல்லைக்கோடு அழிந்துவிட்டது.

மாருதி ஜிம்னி 2023 ஜூனில் விற்பனைக்கு வந்தது. அதில் டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் மட்டும்தான். 105 குதிரைத்திறன், 134 நியூட்டன் மீட்டர், அதுவும் 4000 சுற்றில். எண்ணை மட்டும் பார்த்தால் தாரில் பாதிகூட இல்லை. ஃபோர்ஸ் கூர்க்காவில் பெட்ரோல் கிடையாது. 2.6 லிட்டர் டீசல், 2024-இல் செய்த மாற்றத்துக்குப் பிறகு 140 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர்.

அப்படியானால் ஜிம்னி சேற்றில் தோற்றுவிடுமா? இங்கேதான் புதிதாக வாங்குகிறவர்கள் சறுக்குகிறார்கள். இன்ஜின் கொடுக்கிற முறுக்கு நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை. கியர்பாக்ஸில் ஒரு முறை பெருகுகிறது, அச்சில் இருக்கும் பல்சக்கரத்தில் இன்னொரு முறை பெருகுகிறது. உண்மையான ஃபோர் வீல் வண்டியில் டிரான்ஸ்பர் கேஸ் என்று இன்னொரு பெட்டி உண்டு. அதில் லோ கியர் போட்டால் இரண்டு முதல் இரண்டரை மடங்கு மறுபடி பெருகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக முதல் கியரில் 4 மடங்கு, அச்சில் 4 மடங்கு, லோவில் 2 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 32 மடங்கு. 134-ஐ 32-ஆல் பெருக்கினால் 4288. லோ கியர் இல்லாத ஒரு 300 நியூட்டன் மீட்டர் வண்டிக்கு 16 மடங்குதான், அது 4800. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஜிம்னியின் எடையோ சுமார் 1200 கிலோ. 300 நியூட்டன் மீட்டர் வண்டிகள் அதைவிடப் பல நூறு கிலோ கூடுதல் எடையைத் தூக்கிக்கொண்டு சேற்றுக்குள் இறங்குகின்றன.

2023 ஜனவரியில் வந்த 1.5 லிட்டர் டீசல் தாருக்கும் 300 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் அது பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி, லோ கியரும் கிடையாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே, விலையும் குறைவாக இருக்கிறதே என்று அதை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் இறங்கினால், முறுக்கு இருந்தும் பின்சக்கரம் அதே இடத்தில் குழி பறித்துக்கொண்டிருக்கும். ஆகவே டீசலா பெட்ரோலா என்று கேட்பதற்கு முன்னால், கியர் லிவருக்குப் பக்கத்தில் லோ ரேஞ்சுக்கான இரண்டாவது லிவரோ திருகோ இருக்கிறதா என்று பாருங்கள்.

டர்போ இன்ஜினைப் பற்றி இன்னொன்று. காற்றை அழுத்தித் தள்ளுகிற விசிறி அது, இன்ஜினின் புகை வேகத்தில்தான் சுற்றுகிறது. சுற்று ஓர் அளவுக்குக் கீழே விழுந்தால் டர்போ வேலை செய்யாது, முறுக்கு சட்டென்று வற்றிவிடும். களிமண்ணில் தயங்கித் தயங்கிப் போகும்போது திடீரென ஆஃப் ஆகிவிடுவது பெரும்பாலும் இதனால்தான். லோ கியர் போட்டுச் சுற்றைக் கொஞ்சம் மேலேயே வைத்திருந்தால் இந்தச் சிக்கல் வராது. டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் இன்ஜினில் முறுக்கு குறைவு, ஆனால் மிதிக்க மிதிக்கச் சீராகக் கூடும். புதிதாகக் கற்றுக்கொள்கிற காலுக்கு அது எளிது.

நம் மண்ணும் மணலும்

டெல்டாவில் மலை கிடையாது. பாறை ஏறுகிற வீடியோக்களைப் பார்த்து வண்டி தேர்ந்தெடுக்கக் கூடாது. நம்மிடம் இருப்பது இரண்டு: வெண்ணாற்றுப் பாசனப் பகுதியின் ஒட்டுகிற களிமண், கொள்ளிடத்தின் மணல். இரண்டும் இன்ஜினிடம் வேறு வேறு விஷயம் கேட்கின்றன.

களிமண்ணில் சக்கரம் வேகமாகச் சுற்றினால் டயரின் பள்ளங்களில் மண் அப்பிக்கொண்டு டயர் வழுவழுவென்று ஆகிவிடும். மெதுவாக, அழுத்தமாக, ஒரே சீராகச் சுற்றவேண்டும். குறைந்த சுற்றிலேயே இழுக்கும் இன்ஜின், லோ கியர், இரண்டும் சேர்ந்தால் உருட்டிக்கொண்டு போய்விடும். டீசல் இன்ஜினின் சுபாவம் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது.

கொள்ளிடம் படுகையில் வாழையோ கரும்போ போட்டிருப்பவர்களுக்குக் கதை வேறு. காய்ந்த மணலில் வண்டி நின்றால் புதைந்துவிடும். டயர் காற்றைக் குறைத்துக்கொண்டு, சுற்றைக் கூட்டி, நிற்காமல் ஒரே ஓட்டமாகக் கடக்கவேண்டும். அங்கே வண்டியின் எடை குறைவாக இருப்பதும், இன்ஜின் சட்டென்று சுற்றைக் கூட்டுவதும் பெரிய உதவி. பெட்ரோல் அங்கே ஒரு படி மேலே நிற்கும். பொதுவாக டீசல் இன்ஜின் கனமானது, அந்தக் கனம் முழுவதும் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், முன்சக்கரம்தான் முதலில் மணலில் இறங்கும்.

"காட்டுக்குன்னா டீசல்தான்" எங்கிருந்து வந்தது

இந்த நம்பிக்கை வீணாகப் பிறந்ததல்ல. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை 16, 17 மடங்கு நெருக்கினால் அது 500 டிகிரியைத் தாண்டிச் சூடாகும், அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். பழைய டீசல் இன்ஜின்களில் பம்பும் நாசிலும் முழுக்க இயந்திர வேலை. ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் ஓடும். நம் வயல்களில் ஓடிய ஆயில் இன்ஜினுக்குப் பேட்டரியே இல்லையே, கைப்பிடியைச் சுற்றித்தானே கிளப்பினோம்.

அந்தக் காலத்துப் பெட்ரோல் இன்ஜினில் கார்புரேட்டர், தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் வயர் எல்லாம் வெளியே கிடக்கும். மழைத் தண்ணீர் தெறித்தால் தீப்பொறி செத்துவிடும். 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸி ஜீப்பைத் தண்ணீரில் இறக்கியவர்கள் டிஸ்ட்ரிபியூட்டரைத் துணி வைத்துத் துடைத்த கதையைச் சொல்வார்கள். அன்றைக்கு ஆறு, சேறு, காடு என்றால் டீசல் என்பது நியாயமான பேச்சு.

பிறகு காமன் ரயில் என்ற முறை வந்தது. டீசலை ஒரே குழாயில் 1600 பார் வரையும் அதற்கு மேலும் அழுத்தி வைத்து, கம்ப்யூட்டர் சொல்கிற நொடியில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறக்கிறது. கார் டயரில் இருக்கும் அழுத்தம் 2 பாரைக் கொஞ்சம் தாண்டும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புகை குறைந்தது, சத்தம் குறைந்தது, இழுவை கூடியது. பழைய டீசலின் முரட்டுத்தனமும் அதோடு போய்விட்டது. இன்றைய டீசலுக்கு, பெட்ரோலைப் போலவே, கம்ப்யூட்டர் வேண்டும், சென்சார் வேண்டும், நல்ல பேட்டரி வேண்டும். தாத்தா காலத்துச் சிபாரிசை இன்றைய வண்டிக்கு அப்படியே தூக்கிப் போட முடியாது.

இன்றைய டீசல் எவ்வளவு நுட்பமானது என்பதை நான் கஜா புயல் சமயத்தில் தெரிந்துகொண்டேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த புயல் அது. தென்னையெல்லாம் ரோட்டில் கிடந்தது. கரண்ட் இல்லை, பெட்ரோல் பங்குகளில் டீசல் போடவும் வழியில்லை. என்னிடம் அப்போது ஒரு பழைய காமன் ரயில் ஜீப் இருந்தது. மோட்டார் கொட்டகையின் ஓரத்தில் ஆயில் இன்ஜினுக்காக வைத்திருந்த பேரலில் டீசல் பாதி இருந்தது. வேட்டித் துணியை மடித்துப் புனலில் வைத்து வடிகட்டி, இருபது லிட்டர் ஊற்றினேன். நான்கு கிலோமீட்டர் போனதும் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது.

மூன்றாம் நாள் ஒரு மெக்கானிக் வந்து டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி, ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்துக் காட்டினார். மேலே தேன் நிறத்தில் டீசல். கீழே விரற்கடை உயரத்துக்குக் கலங்கல் தண்ணீர். இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல ஓர் எல்லை. பாட்டிலைக் குலுக்கினால் முட்டை முட்டையாகக் கலந்து, வைத்ததும் மறுபடி பிரிந்தது. புயல் மழை பேரலுக்குள் இறங்கியிருக்கிறது. அதே டீசலில் ஆயில் இன்ஜின் இருமிக்கொண்டேயாவது ஓடிவிட்டது. ஜீப்பில் உயர் அழுத்த பம்பும் இரண்டு இன்ஜெக்டரும் போய்விட்டன. முடி அகலத்தைவிட நுண்ணிய இடைவெளியில் டீசலையே உயவு எண்ணெயாக நம்பி ஓடுகிற உறுப்புகள் அவை. தண்ணீர் போனால் தேய்ந்துவிடும்.

டீசல் எடுக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேனில், பேரலில், கொட்டகையில் இருக்கும் டீசல் பம்புசெட்டுக்குத்தான். வண்டிக்கு விற்பனை அதிகமுள்ள பங்கில் போடுங்கள். ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை ஆயில் மாற்றும்போதெல்லாம் வடித்துவிடச் சொல்லுங்கள்.

நான் தூரத்தைக் கேட்டதற்குக் காரணம்

2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் விற்கிற புது வண்டியெல்லாம் பி.எஸ்.6, அதாவது பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வருபவை. டீசல் வண்டிகளில் அதற்காகப் புகைக்குழாயில் டி.பி.எஃப் என்ற வடிகட்டியை வைத்திருக்கிறார்கள். தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி அது, கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்கவேண்டும். அதற்கு 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூடு வர, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஒரே சீரான வேகத்தில் கால் மணி, இருபது நிமிடம் ஓடவேண்டும்.

இப்போது என் அண்ணன் மகனின் நாளைப் பாருங்கள். காலையில் வீட்டிலிருந்து வயலுக்கு நான்கு கிலோமீட்டர். அதில் பாதி இரண்டாவது கியரில். பத்து மணிக்குத் திரும்புகிறான். மத்தியானம் உரக்கடைக்கு இரண்டு கிலோமீட்டர். அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்துக்கும் களத்துக்கும் பத்து நடை. இன்ஜின் சூடேறுவதற்குள் ஆஃப் பண்ணிவிடுகிறான். இப்படி ஓடினால் கரி சேருமே தவிர எரியாது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். அதைக் கவனிக்காமல் விட்டால் வண்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கடைசியில் லேப்டாப்பை மாட்டி எரிக்கவேண்டிவரும், அதற்கும் மசியாவிட்டால் வடிகட்டியையே மாற்றவேண்டும்.

இன்னொரு விளைவு வெளியே தெரியாது. கரியை எரிக்க, கம்ப்யூட்டர் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சும். பாதியில் ஆஃப் பண்ணிப் பண்ணி அந்த எரிப்பு முடியாமலே போனால், எரியாத டீசல் சிலிண்டர் சுவரோடு வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதில் கூடியிருக்கும். மூக்கருகே வைத்தால் டீசல் வாடை வரும். ஆயில் கூடியிருக்கிறதே, நல்லதுதானே என்று விட்டுவிடாதீர்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். பதினைந்து வருடம் வைத்துக்கொள்ள நினைக்கிற வண்டிக்கு இதைவிடக் கெடுதல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அந்த வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாஃப்ட்வேரை மாற்றித் தருகிறோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது சட்டத்துக்குப் புறம்பு. அந்தக் கரி போய்ச் சேரும் இடமும் நம் பிள்ளைகளின் மூச்சுதான். செய்யாதீர்கள்.

வாரத்தில் இரண்டு மூன்று முறை தஞ்சாவூர், திருச்சி என்று நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். பைபாஸில் ஓடும்போது கரி தானாக எரிந்துவிடும். டீசல் அவர்களுக்கு முழு மனதோடு சொல்லலாம். நெல் மூட்டை ஏற்றுவது, டிரெய்லர் இழுப்பது என்று சுமை வேலை அதிகமிருந்தாலும் டீசல்தான்.

தண்ணீர்

மழைக்காலத்தில் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது இறக்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இறக்குங்கள். இன்ஜின் காற்றைத்தான் நெருக்கும். தண்ணீரை நெருக்க முடியாது. காற்று இழுக்கும் குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால், மேலே வருகிற பிஸ்டன் சுவரில் மோதினாற்போல நிற்கும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

எவ்வளவு தண்ணீர் போதும் தெரியுமா? 2.2 லிட்டர் டீசலில் ஒரு சிலிண்டர் 550 மில்லி. 16 மடங்குக்கு மேல் நெருக்குகிறது என்றால் பிஸ்டன் உச்சியில் மிஞ்சும் இடம் சுமார் 35 மில்லி. டீக்கடை கிளாஸில் பாதிகூட வராது. 1.5 லிட்டர் பெட்ரோலில் 10 மடங்கு நெருக்கம் என்று வைத்தால் 40 மில்லி. இந்த விஷயத்தில் இரண்டும் ஒரே குட்டைதான், இன்ஜின் வகை காப்பாற்றாது. காப்பாற்றுவது காற்றுக்குழாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. தாருக்கு 650 மில்லிமீட்டர் ஆழம் வரை என்றும், கூர்க்காவுக்கு 700 மில்லிமீட்டர் என்றும் கம்பெனி சொல்கிறது. கூர்க்காவில் காற்று இழுக்கும் ஸ்நார்க்கல் குழாய் கம்பெனியிலிருந்தே கண்ணாடி ஓரமாக மேலே ஏறி நிற்கிறது. 700 மில்லிமீட்டர் என்பது நல்ல உயரமான ஆளுக்குத் தொடையளவு, அதுவும் ஓடாத தண்ணீரில். ஓடுகிற தண்ணீர் அதில் பாதி ஆழத்திலேயே வண்டியை இழுத்துப்போகும். தண்ணீரில் ஆஃப் ஆகிவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பவேண்டாம். கயிறு கட்டி இழுத்து, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்டார்ட்.

பணம்

டீசல் விலைக்கு அரசுக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் போய்விட்டது. அதற்கு முன்பு பெட்ரோலைவிட டீசல் மிக மலிவாக இருந்ததால் டீசல் வண்டி என்றாலே மிச்சம் என்று எல்லோரும் நினைத்தோம். அந்த இடைவெளி சுருங்கி லிட்டருக்குப் பத்து ரூபாய்க்குள் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடச் சக்தி பத்து சதவீதத்துக்கும் கூடுதல், இன்ஜினும் அதைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது. டீசல் 12 கிலோமீட்டர், டர்போ பெட்ரோல் 8 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், வருடம் 8000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குச் சுமார் 667 லிட்டருக்கும் 1000 லிட்டருக்கும் உள்ள வித்தியாசம். முப்பது, நாற்பதாயிரம் ரூபாய் மிச்சம். வருடம் 3000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது பதினைந்தாயிரத்தைத் தாண்டாது. நான்கு இன்ஜெக்டர் ஒரு தடவை போனால் பல வருட மிச்சத்தை விழுங்கிவிடும்.

பத்தாவது வருடத்தில் யார் பார்ப்பார்கள்

வாரண்டி முடிந்த பிறகுதான் நீண்டகாலம் என்பதே ஆரம்பிக்கிறது. எந்த இன்ஜின் நீடிக்கும் என்று தெரிய, கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டில் போய் நில்லுங்கள் என்பேன். அங்கே வரிசையாக நிற்கிற வண்டிகளின் இன்ஜினுக்கு உதிரி பாகம் எப்போதும் கிடைக்கும், கை பழகிய மெக்கானிக்கும் கிடைப்பார். ஜிம்னியில் இருக்கும் கே15 இன்ஜின் குடும்பம்தான் எர்டிகாவிலும் ஓடுகிறது. எம்ஹாக் டீசல் குடும்பம் ஸ்கார்பியோவில் பல வருடமாக ஊர் ஊராக ஓடுகிறது. ஒரே ஒரு மாடலில் மட்டும் வந்து போன இன்ஜின் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் நீண்டகாலத்துக்கு எனக்குத் தயக்கம்தான்.

நம் பக்கத்து டிராக்டர் ஃபிட்டர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்கள் கை பழகியது இயந்திர பம்பு. 50 எச்.பி-க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கே 2023 ஜனவரியில்தான் புதிய புகைக் கட்டுப்பாடு வந்தது. அதற்குக் கீழே உள்ளவை இன்னும் பழைய முறையில் ஓடுகின்றன. ஆகவே டிராக்டர் பட்டறை பக்கத்திலேயே இருக்கிறது என்பதை நம்பி பி.எஸ்.6 டீசல் எடுக்கவேண்டாம். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரும், இன்ஜெக்டரைச் சோதிக்கும் சுத்தமான பெஞ்சும் உள்ள பட்டறை உங்களுக்கு எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

பெட்ரோலுக்கும் ஒரு தொல்லை உண்டு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அடைமழை மாதத்தில் கால் டேங்க் பெட்ரோலோடு வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். நிறுத்துவதானால் டேங்கை நிரப்பிவிட்டு நிறுத்துங்கள், உள்ளே ஈரக்காற்றுக்கு இடமிருக்காது. பழைய ஜிப்ஸி மாதிரி வண்டி வாங்குகிறவர்கள் பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய்களை முதலில் மாற்றிவிடுவது நல்லது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இருப்பவர்களுக்கு, எந்த இன்ஜினானாலும், வயரிங் முனைகள் பச்சை பூத்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எர்த் முனைகளைக் கழற்றித் துடைத்து கிரீஸ் தடவச் சொல்லுங்கள். உப்பளத்துக்குப் போய் வந்தால் அன்றைக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடவேண்டும்.

என் அண்ணன் மகன் ஒரு மாதம் பைக்கின் மீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டே வந்தான். சராசரி ஒரு நாளைக்கு 14 கிலோமீட்டர், அதில் ஒரே மூச்சில் இருபது நிமிடம் ஓடிய நாள் மாதத்தில் மூன்று. பட்டுக்கோட்டையில் மாமனார் வீட்டுக்குப் போய் வந்த நாட்கள் அவை. லோ கியர் உள்ள பெட்ரோலை எடுத்தான். அவன் பக்கத்து வயல்காரர் நெல் ஏற்றிக்கொண்டு வாரம் இரண்டு முறை வெளியூர் போகிறவர், அதே மாதத்தில் டீசல் எடுத்தார். கார்த்திகை மழையில் இரண்டு வண்டியும் ஒரே கரையில் முன்னும் பின்னுமாக உள்ளே போய்விட்டு வந்தன.